நெருஞ்சி முளைக்குதில்லை, அவசரம்

கல்லடிப் பிள்ளை: நெருஞ்சி விதை போட்டு மூன்று கிழமை, ஒன்றுமே முளைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றுகிறேன். பாடசாலை ஒப்படைக்கு வேணும், யாராவது சொல்லுங்கோ.

களுவாஞ்சி: தண்ணீர் கூடிப்போச்சு, வேறொன்றுமில்லை. வறண்ட மணலில் கிடக்கிற செடி அது. நான் எந்த விதைக்கும் இதைத்தான் சொல்வேன்.

திருக்கோவில்: எங்கே பறித்தது, எப்போது பறித்தது, முள்ளோடு போட்டீங்களா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்றது?

அக்கரைப்பற்றான்: எந்த நெருஞ்சி தங்கச்சி? யானை நெருஞ்சியும் இருக்கே.

பழைய வேர்: இங்கே எத்தனை தரம் எழுதிவிட்டேன், யாரும் வாசிப்பதில்லை. பூவைப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ் விரிந்து, சிற்றிலைகள் சோடி சோடியாக இருந்தால் சின்ன நெருஞ்சி. அதிலும் எதிரெதிரே நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று கட்டையாக இருக்கும், பூ அதன் கக்கத்திலிருந்து வரும். யானை நெருஞ்சிக்கு இலை பிரியாது, பூ குழல் போல. தண்டைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் வழுவழுப்பாகும். அடிப்படை இது.

அக்கரைப்பற்றான்: சரி காக்கா, பிள்ளை கேட்டது முளைக்கிற விசயம்.

களுவாஞ்சி: எங்கட ஆடுகள் நெருஞ்சியைத் தின்றுகொண்டே திரியுது, ஒன்றும் வந்ததில்லை.

பழைய வேர்: வந்ததில்லை என்பதால் வராது என்று எழுதாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இதைத் தின்ற செம்மறிகளுக்கு ஈரல் பழுதாகி, வெயில் பட்டதும் தலை மஞ்சளாகி வீங்கும்.

களுவாஞ்சி: அது அங்கே. இங்கே மட்டக்களப்பு வெயிலில் நான் 20 வருடமாக ஆடு வளர்க்கிறேன்.

கல்லடிப் பிள்ளை: ஐந்து இதழ்தான். போன மாதம் கடற்கரையில் பறித்தது, காயை அப்படியே புதைத்தேன்.

திருக்கோவில்: அதுதான் தங்கச்சி காரணம். புதுக்காய் பறித்த உடனே முளைக்காது. காய்ந்து சில மாதம் சூட்டில் கிடந்தால்தான் உறக்கம் கலையும். காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய முள். ஒரு துண்டைக் கவனமாக உடைத்துப் பாருங்கோ, உள்ளே விதைகள் அறை அறையாக இருக்கும். பெரியது முதல் மழைக்கு முளைக்கும், சிறியவை காத்துக் கிடக்கும். ஒரு மழை ஏமாற்றினாலும் அடுத்ததற்கு ஆள் இருக்க வேணுமே. இந்தச் சின்னச் செடியில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். போன கோடையில் கச்சான் காற்றில் காய்ந்து உதிர்ந்த பழைய முள் கிடைத்தால் அதைப் போடுங்கோ.

கல்லடிப் பிள்ளை: அம்மம்மா வீட்டு வேலியோரம் பழைய முள் கிடைத்தது. உடைத்தேன், உள்ளே மூன்று விதை. பெரியதை ஊன்றி ஒரு கிழமை, இன்று முளை வந்திருக்கு. நன்றி அண்ணா.