ஹைக்: நடைக்கு ஒரு சொல், விலைக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'ஹைக்' (hike) என்றால் இயற்கைச் சூழலில் நெடுந்தூரம் நடப்பது; விலை, சம்பளம் போன்றவற்றைக் கூட்டுவதும் அதே சொல்தான். இதற்குத் தமிழில் 'ஏற்றம்' என்று ஒரே சொல்லை வைத்துவிடலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். மலையேற்றம், விலையேற்றம் இரண்டும் ஏற்கெனவே வழக்கில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல் தாங்கும் இரண்டு பொருளையும் தமிழிலும் ஒரு சொல் தாங்குகிறதே என்று முதலில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது சரிவராது என்றே தோன்றுகிறது.

அப்பாவின் கைபேசியில் நடையைக் கணக்கிடும் செயலி ஒன்றைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். நடை, ஓட்டம், மிதிவண்டி என்று வரிசையாக வந்தது; அடுத்து, 'ஹைக்' இருக்க வேண்டிய இடத்தில் 'உயர்வு'. "இது என்னப்பா உயர்வு, பிரஷர் ஏறினா காட்டுமா?" என்று கேட்டார். சம்பள உயர்வு, கட்டண உயர்வு என்று மொழிபெயர்த்த இடத்திலிருந்து அந்தச் சொல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 'ஹைக்' என்றால் ஏப்ரல் மாதச் சம்பளம்தான் நினைவுக்கு வரும். அந்த இடத்தில் 'ஏற்றம்' என்று போட்டிருந்தாலும் அப்பா அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

நடையை முதலில் எடுத்துக்கொள்வோம். 'மலையேற்றம்' டிரெக்கிங்குக்கு நிலைத்துவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ பற்றி எழுதிய நாளிதழ்கள் 'மலையேற்றப் பயிற்சி' என்றன. 2024இல் அரசு தொடங்கிய திட்டத்துக்கே 'தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்' என்று பெயர். ஹைக் என்பதோ மலை இல்லாமலும் நடக்கும். ஏரிக்கரையோரம், காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில், ஆற்றைத் தொட்டபடி அரை நாள் நடந்தாலும் அது ஹைக்தான். 'பாதயாத்திரை' என்றால் பழனி வந்து நிற்கிறது. 'நடைப்பயணம்' என்றால் கட்சிக்கொடியும் கோரிக்கையும் கூடவே வருகின்றன. ஆகவே 'நெடுநடை' என்று சொல்லிப் பார்க்கிறேன். நெடுநாள், நெடுஞ்சாலை போலக் கேட்டவுடன் புரிகிறது, பொத்தானுக்குள்ளும் அடங்குகிறது. "ஞாயிற்றுக்கிழமை நெடுநடை போனோம்" என்று பேச்சில் சொன்னாலும் உறுத்தவில்லை.

விலைப் பக்கத்தில் சிக்கல் வேறு. மழை பெய்து வரத்து குறைந்தால் தக்காளி விலை ஏறுகிறது. பேருந்துக் கட்டணம் தானாக ஏறுவதில்லை, யாரோ ஏற்றுகிறார்கள். ஆங்கிலச் செய்திகளில் 'ஹைக்' என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். 'ஏற்றம்' இந்த வேறுபாட்டைக் காட்டாது. மாறு, மாற்று இரண்டிலிருந்தும் 'மாற்றம்' வருவதுபோல, ஏறு, ஏற்று இரண்டிலிருந்தும் 'ஏற்றம்' வந்துவிடுகிறது. 'உயர்வு' இன்னும் மோசம். ஏற்றியவர் அதில் அறவே மறைந்துபோகிறார். இலங்கைச் செய்திகளில் வரும் 'விலை அதிகரிப்பு'க்கும் இதே குறை உண்டு. ரிசர்வ் வங்கி 2022 மே மாதம் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 4 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆக்கியது, 2023 பிப்ரவரியில் அது 6.50. ஒவ்வொரு முறையும் ஒரு குழு உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அதை 'வட்டி உயர்த்தல்' என்று எழுதுவதே நேர்மை. சாதாரண மக்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். "பஸ் சார்ஜ் ஏறிடுச்சு" என்பதைவிட "ஏத்திட்டாங்க" என்பதைத்தான் அதிகம் கேட்கிறேன்.

நடையையும் பணத்தையும் ஒரே சொல்லில் வைத்துக்கொள்ளத் தமிழுக்குத் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். 'செலவு' அப்படிப்பட்ட சொல்தான். சங்கப் பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் புறப்பட்டுப் போவது செலவு. போக மனமில்லாமல் தயங்குவது செலவழுங்கல். இன்றைக்கு வரவு செலவுக் கணக்கில் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த சொல் என்றாலும், செயலியில் அதைப் போட்டால் அப்பா பணப்பையைத்தான் தேடுவார்.

எனவே நடைக்கு 'நெடுநடை'. யாரேனும் கூட்டும் விலை, கட்டணம், வட்டிக்கு 'உயர்த்தல்'. தானாக ஏறும் விலைக்குப் பழைய 'விலையேற்றம்' அப்படியே இருக்கட்டும். 'நெடுநடை'க்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று செயலிக்காரர்களுக்குத் திருத்தம் அனுப்புகிறேன்.