வக்கீல்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் இடத்தில் ஒரு வருடம் (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

ஹாரோ மாணவி:

நான் படிப்பது நான்கு வருட எல்.எல்.பி. மூன்றாம் வருடம் முழுக்க வெளியே வேலை பார்க்க வேண்டும். கூடப் படித்தவர்களில் சிலர் கம்பெனிகளின் சட்டப் பிரிவுக்குப் போனார்கள், சிலர் சொலிசிட்டர் (இங்கிலாந்தில் பெரும்பாலும் அலுவலகத்தில் இருந்தே சட்ட வேலை பார்க்கும் வக்கீல்) அலுவலகங்களுக்குப் போனார்கள். எனக்குக் கிடைத்தது லண்டன் சிட்டியில் சொலிசிட்டர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஒரு ரெக்ரூட்மெண்ட் ஏஜென்சி. இதை வீட்டில் விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லண்டனின் ஹாரோவில் எங்கள் சனத்துக்கு சொலிசிட்டர் என்றால் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம் வைத்து விசா கேஸும் வீடு வாங்குகிற கடதாசியும் பார்ப்பவர். "ஆள் பிடிக்கிற வேலைக்கோ சட்டம் படிச்சனீ?" என்று மாமா கேட்டார். இங்கிலாந்தில் இந்த மாதிரி வேலை வருடத்துக்கு உள்நாட்டு மாணவர்களிடம் வழக்கமான கட்டணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது, அதோடு சம்பளமும் உண்டு என்றதும் அப்பா மட்டும் சரி என்றார்.

முதலில் காசு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன், அது தெரியாமல் மற்ற எதுவும் புரியாது. வேலை தேடுபவர் ஏஜென்சிக்கு ஒரு பென்னியும் கொடுப்பதில்லை. வேலை பிடித்துத் தருவதற்காக அவரிடம் காசு வாங்குவதை 1973ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மெண்ட் ஏஜென்சீஸ் சட்டமே தடுக்கிறது. (விசா ஸ்பான்சர்ஷிப்போடு வேலை எடுத்துத் தாறன், முதலில் இவ்வளவு கட்டு என்று எங்கள் ஆட்களே சிலர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கட்டாதீர்கள்.) ஆளை எடுக்கும் சட்ட நிறுவனம்தான் கட்டணம் தரும். பெரும்பாலும் அந்த ஆளின் முதல் வருடச் சம்பளத்தில் 20 முதல் 30 சதவீதம். 2024இல் லண்டனில் மேஜிக் சர்க்கிள் என்று சொல்லப்படும் முன்னணிச் சட்ட நிறுவனங்கள் அப்போதுதான் தகுதி பெற்ற சொலிசிட்டரின் சம்பளத்தை 1,50,000 பவுண்டுக்கு ஏற்றின, அமெரிக்க நிறுவனங்கள் சில 1,80,000 வரை போயின. 1,50,000க்கு 25 சதவீதம் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு ஆளுக்கு 37,500 பவுண்டு. ஆள் வேலையில் சேராவிட்டால் ஒன்றும் கிடையாது. இந்த இரண்டு வரிக்குள்தான் அந்த அலுவலகத்தின் அவசரம், சிரிப்பு, கோபம் எல்லாம் இருந்தது.

என் வேலை ஆட்களைத் தேடி எடுப்பது. "மான்செஸ்டரில் ரியல் எஸ்டேட் பார்க்கிற, 2 முதல் 5 பி.க்யூ.இ உள்ள எல்லாரும்" என்று ஒரு வரி வரும். பி.க்யூ.இ என்றால் தகுதி பெற்ற பிறகான அனுபவம், வருடக் கணக்கில். அங்கே ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே குறைவு, "அந்த நாலு பி.க்யூ.இ பேங்கிங் ஆள்" என்றுதான் பேச்சு. சொலிசிட்டர் யார் யார் என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கிறது, நிறுவனங்களின் தளங்களில் படத்தோடு விவரம் இருக்கிறது, சட்ட நிறுவனங்களையும் வக்கீல்களையும் தரம் பிரிக்கும் லீகல் 500, சேம்பர்ஸ் பட்டியல்கள் இருக்கின்றன, அப்புறம் லிங்க்ட்இன். இவற்றை வைத்து ஒரு நகரத்தில் ஒரு துறையில் யார் யாரிடம் வேலை செய்கிறார்கள் என்று முழுப் படமே போட்டுவிடலாம்.

பிறகு போன். பகலில் எடுத்தால் எல்லாரும் ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர்கள் மாதிரிக் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஒரு பெண் எப்போதும் இரவு எட்டுக்குப் பிறகு கட்டடத்துக்கு வெளியே வந்துதான் கூப்பிடுவார். பேசி முடித்து வீட்டுக்குப் போகவில்லை, திரும்ப மேலே வேலைக்குப் போனார்! பெரிய பெரிய கம்பெனி விற்பனைகளில் எதிர்த்தரப்போடு வார்த்தைக்கு வார்த்தை பேரம் பேசியவர், தனக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று கேட்டால் திணறுவார். இப்படி நிறையப் பேரைப் பார்த்தேன். காசுக்காகத்தான் எல்லாரும் மாறுகிறார்கள் என்று நினைத்துப் போனேன், அது பாதி உண்மை. பில் போட வேண்டிய மணிக்கணக்கு, மேலே இருக்கிற ஒரு பார்ட்னர் (நிறுவனத்தின் பங்காளி), இங்கே இருந்தால் தான் பார்ட்னர் ஆகவே முடியாது என்கிற சந்தேகம், இதெல்லாம் இரண்டாவது போனில்தான் வெளியே வரும்.

எனக்கு உண்மையில் பிடித்துப்போனது கட்டணச் சண்டைகள். முதலாம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் பிராக்டன் வழக்கு படித்திருப்பீர்கள், 1877, கையெழுத்து முழுமையாகாத ஒப்பந்தத்தின்படியே இரண்டு பக்கமும் நடந்துகொண்டதால் அது ஒப்பந்தம்தான் என்ற தீர்ப்பு. ஏஜென்சியின் நிபந்தனைக் கடதாசியில் அதே சங்கதி கிடக்கிறது: நாங்கள் அனுப்பிய ஆளை நீங்கள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டாலே எங்கள் நிபந்தனைகளை ஏற்றதாகப் பொருள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம் அங்கே காசாக நின்றது.

ஒருமுறை நாங்கள் அனுப்பிய ஆளின் சிவி ஏற்கெனவே வேறு ஏஜென்சி மூலம் வந்துவிட்டது என்று ஒரு நிறுவனம் சொன்னது. அவரைக் கேட்டால், அந்த ஏஜென்சியோடு சும்மா ஒரு தடவை பேசியதுதான், அனுப்பச் சொல்லவே இல்லை என்று பதறுகிறார். அந்த வேலைக்கு ஆளுக்கு விருப்பம் உண்டா என்று உறுதி செய்யாமல் அவரை அறிமுகம் செய்யக்கூடாது என்று ஏஜென்சிகளுக்கான 2003ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அவர் எங்களுக்குச் சம்மதம் சொன்ன ஈமெயிலின் தேதியும் நேரமும் தேடி எடுக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். கடைசியில் அவரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் முடிந்தது. இரண்டு ஏஜென்சிக்கும் காசு கொடுக்க நேருமோ என்று பயந்து சில நிறுவனங்கள் அந்த ஆளையே விட்டுவிடும், அதனால்தான் சொல்கிறேன், எந்த நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்று பேரைக் குறிப்பிட்டு எழுத்தில் மட்டும் சம்மதம் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தில் ஆள் எடுப்பவர் போனில், அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பெறும் எண்ணம் ஏதாவது இருக்கிறதா என்று நைசாகக் கேட்டார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சீனியர் கோபப்படவில்லை, "அந்தக் கேள்வியை ஒரு ஈமெயிலில் போட முடியுமா, சரியாகக் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வேலை கொடுப்பவரோடு நிற்பதில்லை, நடுவில் இருக்கும் ஏஜென்சியையும் பிடிக்கும் என்று பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, எல்லாரும் கேட்கும் கேள்வி: இந்த வருடம் சொலிசிட்டர் தகுதிக்குக் கணக்காகுமா? ஆகாது. 2021இல் வந்த எஸ்.க்யூ.இ (சொலிசிட்டர் தகுதித் தேர்வு) முறையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும், நான்கு இடங்கள் வரை பிரித்துக் காட்டலாம். ஆனால் அங்கே சட்டச் சேவை செய்திருக்க வேண்டும். சட்டத்தரணிகளை விற்பது சட்டச் சேவை ஆகாதே.

இந்தப் பக்கம் போனவர்கள், அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

சென்னை வக்கீல்:

தங்கச்சி, உங்கள் ஆட்கள் போனை எடுக்காமல் ஓடும் கதையை நான் எழுதுகிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் சிவில் பக்கம் சில வருடம் பிராக்டீஸ் பண்ணிவிட்டு, கணவர் வேலைக்காக லண்டன் வந்தேன். ஏஜென்சி ஏஜென்சியாகப் பதிவு செய்தேன். எல்லாரும் முதல் போனில் உற்சாகமாகப் பேசுவார்கள். "இங்கிலாந்தில் தகுதி பெற்றவரா?" என்ற கேள்விக்கு இல்லை என்று சொன்னதும் குரல் மாறும். அப்புறம் பதிலே இருக்காது.

எஸ்.க்யூ.இ முதல் கட்டத்தில் மொத்தம் 360 கேள்விகள், இரண்டு நாள் உட்கார்ந்து எழுத வேண்டும். எங்களைப் போல வெளிநாட்டில் ஏற்கெனவே வக்கீலாக இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வருட அனுபவ நிபந்தனை கிடையாது, இதை இங்கே வரும் வக்கீல்களில் பலர் தெரியாமலே பாராலீகல் (வக்கீல்களுக்கு உதவியாளர்) வேலையில் வருடங்களைக் கழிக்கிறார்கள். நான் படித்து எழுதிக்கொண்டிருந்த சமயம் ஒரே ஒரு ஏஜென்சிப் பெண் மட்டும் என் சிவியை உட்கார்ந்து படித்தாள். வயது என்ன, இருபத்து மூன்று இருக்கும். "வக்காலத்து, கவுண்டர் அஃபிடவிட் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், இங்கே எவருக்கும் விளங்காது. தினமும் என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றாள். சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். நீதிபதி முன்னால் நேரடியாக வாதாடியது எத்தனை, சாட்சி விசாரணை எத்தனை என்று வந்தது. இங்கே என் வயது சொலிசிட்டர்களில் பலர் கோர்ட்டில் வாயே திறந்ததில்லையாம், அதை முதல் வரியில் வைத்தாள். கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன் தீர்க்கும் வழக்குகளைப் பார்க்கும் ஒரு ஆர்பிட்ரேஷன் குழுவில் இடம் கிடைத்தது. அந்த வேலை அவள் ஏஜென்சி மூலம் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தல், நான் நேரடியாக விண்ணப்பித்த இடம். அவளுக்கு ஒரு பைசா போயிருக்காது.

மற்றவர்கள் ஏன் ஒரு வரி "முடியாது" என்றுகூட எழுதுவதில்லை? அதற்குப் பதில் சொல்.

ஹாரோ மாணவி:

அக்கா, ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் எங்கள் கட்சிக்காரர் இல்லை. சட்ட நிறுவனம்தான் கட்சிக்காரர். பத்தாயிரக்கணக்கில் கட்டணம் கொடுத்து எடுக்கும்போது தாங்கள் கேட்ட அச்சில் அப்படியே வார்த்த ஆள்தான் அவர்களுக்கு வேண்டும், கொஞ்சம் வேறு மாதிரி இருந்தாலும் "இதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும், நாங்களே தேடிக்கொள்வோமே" என்பார்கள். அது ஏஜென்சி கன்சல்டன்டுக்கும் தெரியும், அவருக்கு மாத இலக்கு வேறு. அதனால் வெளிநாட்டில் தகுதி பெற்றவர்கள், துறை மாற நினைப்பவர்கள், இடையில் சில வருடம் வேலை விட்டவர்கள் ஏஜென்சியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. நேரடியாக விண்ணப்பிப்பது, தெரிந்தவர் மூலம் போவது, இவைதான் இவர்களுக்கு நடக்கும். பதில் எழுதாததற்கு மட்டும் நியாயம் கிடையாது, இரண்டு வரி எழுத என்ன கேடு.

வேலையில் சேர்ந்த பிறகு வாராவாரம் "எப்படி இருக்கிறீர்கள்" என்று போன் வருகிறதா? அதிலும் பாதிதான் அக்கறை. முதல் சில மாதங்களுக்குள் ஆள் விலகினால் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும்.

எச்.ஆர். ஆசாமி:

நான் நேர் எதிர்ப் பக்கம், ஒரு சட்ட நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவு. மேலே சொன்னது சரிதான், ஒன்று சேர்க்கிறேன். அங்கீகரித்த ஏஜென்சிகள் என்று எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இல்லாத ஏஜென்சி அனுப்பும் சிவியை நான் திறப்பதே இல்லை, திறந்தால் நாளைக்குக் கட்டணம் கேட்டு நிற்பார்கள். ஆகவே உங்கள் ஏஜென்சிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, "அந்த நிறுவனத்தின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா?" என்பதைத்தான். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி முடித்துப் புதிதாகத் தகுதி பெறுபவர்கள் செப்டம்பரிலும் மார்ச்சிலும் கூட்டமாக வருவார்கள். முதலில் எங்கள் பயிற்சியாளர்களையே எடுப்போம், மிச்சம் இருக்கும் இடத்துக்குத்தான் வெளியாள். அப்புறம், எங்களிடம் ஆஃபர் கடிதம் வாங்கிப் போய்ப் பழைய இடத்தில் காட்டிச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுபவர்கள் வருடத்துக்குச் சிலர் உண்டு. நான் பேரைக் குறித்து வைத்துக்கொள்வேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது.

ஹாரோ மாணவி:

ஆள் அப்படிப் பழைய இடத்திலேயே தங்கிவிடும் நாளில் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் பேச மாட்டார்கள், உங்களுக்கு வரும் கோபத்தைவிட எங்கள் சீனியருக்கு வருவது பெரிது!

இந்த வேலையை எடுக்கலாமா என்று இன்பாக்ஸில் கேட்ட தம்பிக்கு: சட்ட நிறுவனத்தில் இடம் கிடைத்தால் அதை எடு, அது தகுதிக்கும் உதவும். கிடைக்காவிட்டால் இது கடைசி வருடத்துக்கு முன் சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல். இப்போது டிரெய்னிங் காண்ட்ராக்ட் (சட்ட நிறுவனத்தில் சொலிசிட்டர் பயிற்சி இடம்) விண்ணப்பம் போடும்போது எந்த நிறுவனத்தில் எந்தத் துறை வளர்கிறது, எங்கிருந்து ஆட்கள் ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், நேர்முகத்தில் அதை நேரடியாகச் சொல்ல முடியாதுதான், ஆனால் எங்கே விண்ணப்பிக்கக்கூடாது என்று தெரிகிறதே.

சிவி அனுப்புகிறவர்களுக்கு: நான் அங்கிருந்து வந்தாயிற்று, இப்போது கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கே வேலை இல்லை.