ஆல்ட் டெக்ஸ்ட்: மாற்றுரையா, படவுரையா?

காட்பாடியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் கல்லூரியின் இணையவழி வரலாற்றுப் பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டும். பார்வையற்ற மாணவர்களும் படிக்க இருப்பதால், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் உரக்கப் படிக்கும்படி ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துக்குப் பதிலாக நிற்கும் சிறு குறிப்பு, எழுதச் சொல்லி ஆசிரியர்களுக்கு வழிகாட்டி தயாரிக்கிறேன். அது இல்லையென்றால், வேலூர்க் கோட்டை அகழியின் படம் வருமிடத்தில் பெரும்பாலும் கோப்பின் பெயரும் எண்ணுமே காதில் விழும். இப்போதைக்கு 'மாற்றுரை' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

குடியாத்தத்திலிருந்து:
பொருந்தாது அம்மா. மாற்று என்பது பொன்னின் தரம். உரைத்தல் என்பது கல்லில் தேய்த்தல். பத்தரைமாற்றையும் உரைகல்லையும் அறிந்த காதுக்கு இச்சொல் பொற்கொல்லர் பட்டறையையே நினைவூட்டும். அதை விலக்கினாலும், மறுத்துரைப்பது என்ற பொருள் வந்து நிற்கும். தவிர, உரை என்றால் நமக்குப் பரிமேலழகர், நச்சினார்க்கினியர்; ஒற்றை வரிக் குறிப்பை அவ்வரிசையில் அமர்த்தலாமா? படம், உரை இரண்டும் புணர, மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் பெற்ற 'படவுரை' என்பதே என் பரிந்துரை.

இராணிப்பேட்டையிலிருந்து:
உரை கூடாதென்ற புலவர் ஐயா உரையிலேயே முடித்திருக்கிறார். மாற்றுத்திறனாளி என்ற சொல்லில் உள்ள மாற்று இதுவரை எவருக்கும் தங்கத்தை நினைவூட்டியதில்லை.

ஆம்பூரிலிருந்து:
நான் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் பார்வையற்ற ஆசிரியன். படவுரை என்றால், படத்தில் உள்ளதை வருணிப்பதே வேலை என்று ஆசிரியர்கள் எண்ணிவிடுவார்கள். தேடல் பொத்தானில் உருப்பெருக்கிக் கண்ணாடி வரைந்திருந்தால் எனக்குக் கேட்க வேண்டியது 'தேடு' என்பதே; கண்ணாடியின் வடிவம் எனக்கு எதற்கு? வெறும் அலங்காரக் கோடாக இருந்தால் ஆல்ட் டெக்ஸ்டுக்கான இடத்தை நீக்காமல் வெற்றாக விட வேண்டும்; திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். படத்தின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வதால் மாற்றுரையே தகும். என் மாணவர்கள் 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்றே சொல்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

குடியாத்தத்திலிருந்து:
மாணவர் வழக்கே போதுமென்றால் கலைச்சொல்லாக்கம் எதற்கு? பொத்தானைப் பற்றிய தடை மட்டும் நியாயமானது; அதற்கு வேறொரு சொல் தேடுகிறேன்.

காட்பாடியிலிருந்து:
தேடுங்கள் ஐயா, எனக்கு வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. பெரும்பாலோர் ஏற்பதால் மாற்றுரை என்றே அச்சிட்டு, முதற்பக்கத்தில் மட்டும் பக்கத்திலேயே ஆல்ட் டெக்ஸ்ட் என்றும் குறிக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து:
குறித்துக்கொள்ளுங்கள். என் பாடங்களில் படவுரை என்றே வரும்.