செம்மரத்தை அழியும் மரம் என்கிறார்கள், கன்று நர்சரியில் 40 ரூபாய்க்கு விற்கிறது. எதை நம்புவது?

தண்டையார்பேட்டை மாடி:
எங்கள் ஆயாவின் மரப்பாச்சி ஜோடி ஒன்று வீட்டில் இருக்கிறது. மூக்கெல்லாம் தேய்ந்து, பெண் பொம்மைக்கு ஒரு கை போய்விட்டது. சின்ன வயதில் எங்களுக்கு எங்கே வீங்கினாலும் அதைக் கல்லில் உரசித்தான் பற்றுப் போடுவார். செம்மரம் என்று பெருமையாகச் சொல்வார்.

போன வாரம் மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் செம்மரக் கன்றுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஆயா நினைவில் ஒன்று வாங்கி, மாடியில் பெயின்ட் வாளியில் நட்டேன். தம்பி பார்த்துவிட்டு, "இது அழியும் மரம், வனத்துறை வரும்" என்று கிளப்பிவிட்டான். அழியப்போகிற மரத்தைக் கீரைக்கட்டு மாதிரி விற்பார்களா? பொம்மையையும் ஒளித்து வைக்க வேண்டுமா? சிரிக்காமல் சொல்லுங்கள்.

செங்குன்றம் செடிக்காரன்:
கன்று வளர்க்கத் தடை இல்லை அக்கா. வளர்ந்த மரத்தை வெட்டவும் ஏற்றிப் போகவும்தான் வனத்துறை அனுமதி வேண்டும். பழைய பொம்மையைக் கொலுவில் தைரியமாக வையுங்கள்.

நீங்கள் கேட்ட இன்னொன்றுதான் முக்கியம். அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகச் சிவப்புப் பட்டியல் நர்சரிக் கன்றுகளை எண்ணுவதில்லை, காட்டில் தானாக வளரும் மரத்தைத்தான் பார்க்கிறது. ஆந்திராவின் கடப்பா, சித்தூர், நெல்லூர், கர்னூல் மலைகளையும் அவற்றை ஒட்டிய சில இடங்களையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் 1995-லேயே சேர்த்துவிட்டார்கள். சிவப்புப் பட்டியலில் 2018-ல் ஆபத்தின் படியை ஒன்றிரண்டு இறக்கிப் பார்த்தார்கள், சில வருஷத்திலேயே மறுபடி 'அழியும் ஆபத்தில்' என்று ஏற்றினார்கள். விலைபோகிற சிவப்பு உள்மரமான நடுவயிரம் ஏற முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும், அறுக்க அரை மணி நேரம் போதும். கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரிகிறதா?

பழைய ஹார்பர்:
நான் முப்பது வருஷம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கினவன். வேறு ஏதோ சரக்கு என்று எழுதி வந்த கண்டெய்னரில் பிடிபட்ட கட்டைகளை ஒரு தடவை நாங்கள்தான் இறக்கினோம். பார்க்க இரண்டு பேர் தூக்கும் அளவு, தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம் அது. அன்றைக்கு என் பனியன் முழுக்கச் செந்தூள், வீட்டில் ரத்தம் என்று பயந்துவிட்டார்கள்.

கப்பல் வரைக்கும் வருவது கட்டைதான், காசு பார்த்தவன் யாரும் எங்கள் கண்ணில் பட்டதில்லை. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் நம் தமிழ்நாட்டுக் கூலிகள். அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு அந்தப் பனியன்தான் நினைவுக்கு வந்தது.

செங்குன்றம் செடிக்காரன்:
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாளியில் எத்தனை நாள் வைப்பீர்கள்? வறண்ட கல் மலையில் வளர்ந்த சாதி அது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் நம் தெருவெல்லாம் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தண்டையார்பேட்டை மாடி:
நன்றி. ஹார்பர் அண்ணன் எழுதியதை ஆயாவின் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பொம்மையை எடுத்துக் கல்லில் லேசாக உரசிப் பார்த்தார். இன்னும் சிவப்பு வருகிறது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் மாமாவுக்கு மேட்டுநிலம் இருக்கிறது. மழை தொடங்குமுன் வாளியோடு பஸ் ஏறுகிறேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்காமல் இருக்க வேண்டும்.