தாதியரின் களைப்பும் நோயாளியின் மனக்குறையும்: எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

கேள்வி: மலைச்சாரல்
இலங்கை மலையகத்து ஆதார வைத்தியசாலை ஒன்றில் முறைப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் "மிஸ் (தாதி) எரிஞ்சு விழுறாங்க" என்ற துண்டுகள்தான் அதிகம். ஊழியர், நோயாளர் இரு தரப்பிடமும் கருத்துக் கேட்கப்போகிறோம். மொத்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு சராசரி போட்டால் போதுமா?

பதில்: வாட்டுக்கணக்கு
போதாது. மகப்பேற்று வாட்டின் நல்ல பெயர் மருத்துவ வாட்டின் நெரிசலை மூடிவிடும். வாட்டு வாட்டாக, இரு தரப்பையும் ஒரே மாதத்தில் கேளுங்கள். சிற்றூழியரை விட்டுவிடாதீர்கள், நோயாளியோடு அதிகம் பேசுவது அவர்கள்தான். இரவில் ஒருவருக்கு எத்தனை கட்டில், சாப்பிட நேரம் கிடைத்ததா, எத்தனை நாள் கடமை நேரம் நீண்டது என்று கேட்டால் போதும். ஊழியர் 10 பேருக்குக் குறைந்த வாட்டை இன்னொன்றோடு சேர்த்துக் காட்டுங்கள். யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டால் அடுத்த முறை எல்லாரும் "பிரச்சினை இல்லை" என்றே எழுதுவார்கள்.

நோயாளியிடம் "திருப்தியா?" என்றால் வரும் விடை ஒன்றுதான்: "நல்லா பாக்குறாங்க". நடந்ததைக் கேளுங்கள். கூப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்? எந்த அறிகுறி தெரிந்தால் திரும்பி வரச் சொன்னார்கள்?

பதில்: கிளினிக் கொப்பி
கேட்பவர் சீருடையில் இருக்கக்கூடாது. டிக்கட் வெட்டி (ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்கப்பட்டு) வீட்டுக்குப் போனபின், வாசித்துக் காட்டிக் கேளுங்கள்.

மொழியை ஒரு தனி நிரலாகப் போடுங்கள். சிங்களத்தில் தாதி சொன்னதைப் பக்கத்துக் கட்டில்காரர் தமிழாக்கும்போது "சாப்பாட்டுக்கு முன்" என்பது விழுந்துபோகும். அதைக் களைப்பின் கணக்கில் எழுதினால் முடிவே பிழை. காத்திருப்பையும் வந்த நேரத்திலிருந்து குறியுங்கள். கிளினிக் நாளில் தோட்டத்துப் பெண்ணுக்குப் பேர் (ஒரு நாள் சம்பளம்) விழாது. மருந்து இல்லை, நாளைக்கு வா என்றால் இரண்டு நாள் பேர் போச்சு. அந்தக் கோபம் கவுண்டரில் நிற்பவர் தலையில்தான் விடியும்.

பதில்: நைட் டியூட்டி
ஆமாம், நோயாளியின் கோபம் ஊழியரைக் களைக்க வைக்கும், ஊழியரின் களைப்பு நோயாளியைப் பாதிக்கும்: பாதை இரண்டு பக்கமும் ஓடும். 2002இல் வெளிவந்த, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆய்வில், ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால் தாதி வேலைக் களைப்பில் சோர்ந்துபோவதற்கான (burnout) வாய்ப்பு 23%, சத்திரசிகிச்சைக்குப் பின் 30 நாளில் மரணத்துக்கான வாய்ப்பு 7% கூடியிருந்தது. அங்கே 168 ஆஸ்பத்திரி. உங்களிடம் ஆறேழு வாட்டு இருந்தால் தொடர்புக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) எல்லாம் வேண்டாம், வாட்டுகளை வரிசைப்படுத்தி ஊழியர் விடையையும் நோயாளர் விடையையும் அருகருகே வையுங்கள். கட்டில் எண்ணிக்கையும் வெற்றிடங்களும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மலைச்சாரல்
சிறுவர் வாட்டில் யாரைக் கேட்பது?

கிளினிக் கொப்பி
இரவு கூட நின்ற தாயை. பகலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போன அப்பாவை அல்ல.