கில்லி அந்த லெட்டரை எழுதாம இருந்திருந்தா?

மாடக்குளத்தான்: மேல ஒருத்தர் "ஃபாஸ்டர் கேர் (பெத்தவங்க பாத்துக்க முடியாத புள்ளைய வேற குடும்பம் கொஞ்ச நாள் வளக்கறது) நாவல் எல்லாமே ஒரே ஃபார்முலா, புள்ள அழும், கடைசில நல்ல அம்மா கெடைக்கும், சுபம்"னு எழுதிட்டுப் போயிருக்காரு. படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. கேத்தரின் பேட்டர்சன் 1978ல எழுதின 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' படிச்சிருக்கீங்களா சார்? 11 வயசுப் பொண்ணு கில்லி, வீடு வீடா மாத்தி மாத்தி கடைசில அவள வளக்க வந்த டிராட்டரம்மா வீட்ல மனசு ஒட்டுது, ஒட்டுற நேரத்துல இதுவரைக்கும் மூஞ்சியே பாக்காத பாட்டி வந்து கூட்டிட்டுப் போயிடுது. எங்க இருக்கு சுபம்?

தனிக்காட்டு ராஜா: அந்தப் பாட்டி எப்படி வந்துச்சு? கில்லி தன்னப் பெத்த அம்மாவுக்கு லெட்டர் போட்டா, டிராட்டர் ஒரு சாமிப் பைத்தியம், வீடு குப்பைன்னு இல்லாததையும் பொல்லாததையும் எழுதி. அம்மா மூலமா பாட்டிக்குத் தெரிஞ்சுது. லெட்டர் எழுதினது யாரு? அவளே வெச்சுக்கிட்ட ஆப்பு.

சுபா வாசிக்கிறாள்: 11 வயசுப் புள்ளைக்கு ஆப்பா? அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு ஒரு போட்டோவ வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கற புள்ள அது. ரத்த சொந்தம் வந்து நின்னா சட்டம் அந்தப் பக்கம்தான் சாயும், டிராட்டரால ஒண்ணும் பண்ண முடியாது. தப்பு அந்த ஏற்பாட்டுல இருக்கு.

தனிக்காட்டு ராஜா: லெட்டர் போடலன்னா சொந்தத்துக்கு எப்படித் தெரியும்? பதில் இல்லல்ல. டிராட்டர் பர்ஸ்ல இருந்தும் பக்கத்து வீட்டுக் கண்ணு தெரியாத பெரியவர் வீட்ல இருந்தும் பணம் எடுத்துட்டு அம்மா இருக்கற சான் பிரான்சிஸ்கோவுக்கு பஸ் ஏறப் போனவதானே. லெட்டர் எழுதினது யாரு?

பூவரசு: ஒரு சின்ன விஷயம். தத்து வேற, ஃபாஸ்டர் கேர் வேற, இதுல புள்ள தற்காலிகமாத்தான் அந்த வீட்ல இருக்கும். அத முதல்ல பேசிட்டு...

தனிக்காட்டு ராஜா: டிக்‌ஷனரி அப்புறம். லெட்டர் எழுதினது யாரு?

ஜெட்லி: அது ஜில்லி இல்லையா ப்ரோ? கில்லின்னதும் தெருவுல ஆடுற கிட்டிப்புல்லுன்னு நெனச்சேன் 😂

மாடக்குளத்தான்: முழுப்பேரு கலாட்ரியல். 'க'தான். பொஸ்தகத்தத் தொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

ஜெட்லி: நான் இதோட 2015 படம் பாத்திருக்கேன், கேத்தி பேட்ஸ் டிராட்டரா நடிச்சது. பொஸ்தகம் படிச்சாத்தான் பேசணும்னு போர்டு மாட்டிருக்கா?

சுபா வாசிக்கிறாள்: பேட்டர்சனே ரெண்டு கம்போடியப் பசங்களைக் கொஞ்ச நாள் வீட்ல வெச்சு வளத்தவங்க, அந்த அனுபவத்துல எழுதினதுதான் இது. புள்ளய குத்தவாளிக்கூண்டுல ஏத்தறதுக்கா எழுதுனாங்க? பாட்டி வந்த அன்னிக்கு வீட்ல கில்லியத் தவிர எல்லாரும் ஃப்ளூல படுத்துக் கெடக்காங்க, வந்த மனுஷி வேற என்ன நெனைக்கும்?

தனிக்காட்டு ராஜா: ஃப்ளூவா கூப்பிட்டுச்சு பாட்டிய? போன வருஷம் கவிதை திரியிலயும் இதே மாதிரி பேச்சத் திருப்பி விட்டுட்டு கடைசில என்னை பிளாக் பண்ணிட்டுப் போனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும் மேடம்.

சுபா வாசிக்கிறாள்: நீங்க வாய்க்கு வந்தபடி பேசுனீங்க, அதான் பிளாக். அதுக்கும் கில்லிக்கும் என்ன சம்பந்தம்?

மாடக்குளத்தான்: நான் சொல்ல வந்ததே வேற. பார்பரா கிங்சால்வரோட 'டீமன் காப்பர்ஹெட்', 2023 புலிட்சர் பரிசு வாங்குன நாவல், அதுல வர்ஜீனியா மலைப்பக்கம் ஒருத்தன் புள்ளைய வளக்கறேன்னு வாங்கிட்டுப் போயி புகையிலைத் தோட்டத்துல வேலை வாங்குறான். 'தி லாங்குவேஜ் ஆஃப் ஃப்ளவர்ஸ்' நாவல்ல 18 வயசு ஆகி ஃபாஸ்டர் கேர் முடிஞ்ச பொண்ணுக்கு இருக்க எடமில்ல, பார்க்குல படுத்துக் கெடக்கா. இதெல்லாமா ஃபார்முலா? மேல எழுதுன சார் எங்க போனாரு?

தனிக்காட்டு ராஜா: பட்டியல் போட்டா பதில் ஆயிடுமா அண்ணே. எனக்கும் அந்தக் கடைசி போன் சீன்ல தொண்டை அடைச்சுது, டிராட்டர்கிட்ட அழுதுகிட்டே வீட்டுக்கு வரணும்கறா, டிராட்டர் அதெல்லாம் ஆகாதுங்குது. அழுதேன், ஒத்துக்கறேன். ஆனா அழுதேங்கறதுக்காக லெட்டர மறக்க முடியாது.

பூவரசு: ஏர்போர்ட்ல வந்து எறங்குற அம்மாகூட பாட்டி காசு குடுத்ததாலதான் வந்தாங்க. அவங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலயே, புள்ளையத்தான் போட்டு...

தனிக்காட்டு ராஜா: அம்மா லெட்டர் எழுதல.

ஜெட்லி: படத்துலயும் லெட்டர் வருது ப்ரோ 😂

சுபா வாசிக்கிறாள்: திரும்ப பிளாக் பண்ணப் போறேன்.

தனிக்காட்டு ராஜா: பண்ணுங்க. பண்றதுக்கு முன்னாடி யாரு எழுதினதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.