மேட்டூர் தண்ணீரில் கூட்டமாக இருந்த மைக்ரோசிஸ்டிஸ் குடுவையில் ஏன் தனித்தனியாகிறது?

சேலம் மாணவி:
எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். மேட்டூர் அணையில் கரையோரம் ஒதுங்கியிருந்த பச்சைப் படலத்தை (மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி) எடுத்துவந்து ஸ்லைடில் பார்த்தபோது, ஒரே கோழைக்குள் நூற்றுக்கணக்கான செல்கள், அவ்வளவு அழகு! பிஜி-11 என்ற பாசி வளர்ப்பு மீடியத்தில் சில சப்கல்ச்சர் (புதுக் குடுவைக்கு மாற்றி வளர்ப்பது) ஆனதும் எல்லாமே தனிச் செல்கள். செல் நன்றாகத்தான் வளர்கிறது, கூட்டம் மட்டும் இல்லை. மேற்பரப்பில் என்னதான் மாறுகிறது?

ஏற்காடு அண்ணன்:
மாறுவது அந்தக் கோழைதான் தங்கச்சி. செல்லின் வெளிப்பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால் செல்கள் இயல்பாக ஒன்றையொன்று தள்ளும். கோழையாக வெளியே சுரக்கும் பாலிசாக்கரைடில், அதாவது சர்க்கரைச் சங்கிலியில், எதிர்மின்சுமையுள்ள கார்பாக்சில் தொகுதிகள் இருக்கின்றன, தண்ணீரிலுள்ள நேர்மின்சுமைக் கால்சியம் அவற்றுக்கு நடுவே புகுந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பிஜி-11-இல் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட், கால்சியம் குளோரைடோ வெறும் 36 மில்லிகிராம். நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செல் தன் கார்பனை வளர்ச்சிக்குச் செலவிடும். வெயில் இருந்து நைட்ரஜன் தட்டுப்பட்டால்தான் மிச்சக் கார்பன் கோழையாக வெளியே வரும். அப்புறம், குடுவையில் செல்களை மேயும் நுண்ணுயிர்களும் கிடையாது. ஓக்ரோமோனாஸ் மாதிரியானவை மேயும்போது கூட்டம் உருவாவதைப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

பாசி ஆர்வலர்:
மேலே சொன்னது சரி, ஆனால் கால்சியம் சேர்த்தால் ஏரியில் பார்த்த கூட்டம் திரும்பிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வழி இரண்டு இருக்கிறது. செல் இரண்டாகப் பிரிந்தும் கோழையை விட்டுப் போகாமல் உள்ளேயே தங்குவது ஒன்று, இதற்கு நாள் பிடிக்கும். தனியாகத் திரிந்த செல்கள் ஒட்டிக்கொள்வது மற்றொன்று, இது சீக்கிரம் நடந்துவிடும். கோழை மெலிந்த செல்லில் கால்சியம் கொட்டினால் இந்த இரண்டாவதுதான் நடக்கும், தளர்வான திரள் வரும், கொஞ்சம் வேகமாகக் குலுக்கினால் உதிரக்கூடும். சர்க்கரையைப் பற்றும் புரதங்களுக்கும் பங்கு உண்டு. பிசிசி 7806 என்ற மைக்ரோசிஸ்டிஸ் வகையில் மைக்ரோவிரின் என்ற அப்படிப்பட்ட புரதம் (லெக்டின்) செல்லின் மேற்பரப்பில் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

முதலில் இந்தியன் இங்க் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கறுப்புக்கு நடுவே செல்லைச் சுற்றி வெளிர் வளையம் தெரிந்தால் கோழை இருக்கிறது என்று அர்த்தம். அணையில் எடுத்த மாதிரி மிச்சம் இருந்தால் அதில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பாருங்கள். அது கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், கூட்டம் கலைந்தால் உங்கள் செல்களைச் சேர்த்துவைத்ததில் கால்சியத்துக்குப் பங்கு இருக்கிறது.

சேலம் மாணவி:
மிக்க நன்றி. இங்க் லேபிலேயே இருக்கிறது, நாளைக்கே பார்க்கிறேன். நைட்ரேட்டைக் குறைத்து ஒரு குடுவை, கால்சியத்தைக் கூட்டி ஒரு குடுவை, இரண்டையும் மாற்றி ஒன்று என்று வைக்கட்டுமா?

ஏற்காடு அண்ணன்:
வையுங்கள், எதையும் மாற்றாத குடுவையும் பக்கத்தில் இருக்கட்டும். கையுறை போடாமல் தொடாதீர்கள், பல மைக்ரோசிஸ்டிஸ் வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குபவை.